ஒரு மந்திரத்துக்கு மூன்று நிமிஷம்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வல்லிநாயகம் வந்து சொல்லிவிடுவான். தென்காசியில் எங்கள் அப்பா நடத்திய மைக் செட் கடையில், குழாய் ஸ்பீக்கருக்கு அடுத்தபடியாகச் சத்தம் போடுகிற சாமான் நான்தான். கல்யாண வீடு, கோவில் கொடை, குற்றாலத்துச் சீசன் என்று எங்கே மைக் கட்டினாலும் அறிவிப்புச் சொல்கிறவன் இந்தச் சிவசைலம். காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை நான் வர்ணித்து முடிப்பதற்குள் பிள்ளையே போய் அம்மாவைத் தேடிப் பிடித்துவிடும் என்று கேலி பேசுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் சளைக்காமல் பதில் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட எனக்கு, 1985-ஆம் வருஷம், ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொல்ல வேண்டியது சண்முகசுந்தரியிடம். என்னைக் கட்டிக்கொள்வாயா என்ற ஒரு வரி. பதினோரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வரியைத் தவிர உலகத்தில் உள்ள மற்றதெல்லாம் பேசிவிட்டேன்.

நாலடி தள்ளி உட்கார்ந்து என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். விளையாடினோம்.

சுந்தரியின் அண்ணன் காந்திமதிநாதன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மெட்ராசில் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, ஊரில் ஒரு டுடோரியல் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் அவனுக்குப் பக்கத்து அறைக்காரன் மலேசியாவிலிருந்து வந்து படித்தவன். ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம் வைத்திருந்தானாம். பலகை கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒருத்தன் அம்பயர். "எதிரே ஒரு குகை, உள்ளே உறுமல் கேக்குது, என்ன செய்யப் போறிய?" என்று அம்பயர் கேட்பான். செய்வதை நாம் வாயால் சொல்ல வேண்டியது. அது பலிக்குமா பலிக்காதா என்பதற்கு ஒரு குலுக்கல். புத்தகக்காரன் இருபது முகம் உள்ள பகடை கேட்டிருந்தான். அதற்குத் தென்காசியில் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை துண்டுச் சீட்டில் எழுதிப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். பெரிய எண் வந்தால் பலிக்கும்.

காந்திமதி அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி நோட்டில் பிரதி எடுத்திருந்தான். கடைசிப் பகுதியை எழுதுவதற்குள் மலேசியாக்காரன் பரீட்சை முடிந்து பெட்டி கட்டிவிட்டான். அந்தக் கடைசிப் பகுதியில்தான், ஒரு மந்திரம் போட்டால் மந்திரவாதி அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது.

ஆக, எங்கள் ஆட்டத்தில் மந்திரம் இலவசம். மந்திரவாதி நான்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். வாள்வீரன் வேஷம் வல்லிநாயகத்துக்கு. மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். காளை மாட்டையே தோளால் நெட்டித் தள்ளுகிற உடம்பு, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வார்த்தை பேசினால் அதிகம். கள்ளன் வேஷம் ஆதமுக்கு. குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தான். எந்தக் கோட்டைப் பூட்டையும் ஒரு ஈர்க்குச்சியால் திறப்பதாகச் சொல்லுவான். வில்லாளி வேஷம் சுந்தரிக்கு. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் யார் ரிசீவரை எடுத்தாலும் "நம்பர்?" என்று கேட்கிற குரல்களில் ஒன்று அவளுடையது. அண்ணன் அம்பயராக இருந்ததாலும், அவர்கள் அம்மா மங்களேஸ்வரி அத்தை ஆட்டம் நடந்த அவர்கள் வீட்டு மாடிக்கு அரைமணிக்கு ஒருதரம் வந்து பலகாரம் வைத்துவிட்டுப் போனதாலும், நாலு ஆண்பிள்ளைகளோடு ஒரு பெண் உட்கார்ந்து விளையாடுவதை ஊர் பொறுத்துக்கொண்டது.

சுந்தரி மற்ற இரண்டு பேரையும் வல்லிநாயகண்ணன், ஆதமண்ணன் என்று கூப்பிடுவாள். என்னை மட்டும் 'இவுக' என்பாள். இதை நான் முதல் மாதமே கவனித்துவிட்டேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமையும் கையை விட்டுப் போய்விடும். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடும்.

எங்கள் கதை இதுதான்: ராஜ்யத்தின் பெரிய மணியை ஓர் அரக்கன் தூக்கிப்போய்க் கருங்கல் கோட்டையில் வைத்திருந்தான். அதை மீட்டு வர வேண்டும். வழியெல்லாம் ராட்சசன், கொள்ளைக்காரன், பேசுகிற பாம்பு. எவன் எதிரே வந்தாலும் நான் கையைத் தூக்கி ஒரு மந்திரம் சொல்லுவேன், அவன் பல்லியாகிவிடுவான். மந்திரத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒரு வசனமும் பேசுவேன், அது தனி.

ஆறாவது மாதம் வல்லிநாயகம் எழுந்து நின்றுவிட்டான்.

"ஏலே சைலம், இந்த வாள நான் ஒருநாளாவது உருவியிருக்கனா? உருவப் போறப்பல்லாம் நீ அவனப் பல்லியாக்கிப்புடுத. நான் பல்லியவா வெட்டிக்கிட்டு இருக்க? அடுத்த ஞாயிறு நான் வரல. கீழப்பாவூர்ல ஒரு எருமைக்கு ஊசி போடணும். அதாவது என்னைய மதிக்கும்."

அவன் போனால் ஆட்டம் போச்சு. ஆட்டம் போனால் அந்த மாடி அறைக்கு நான் எந்த முகத்தோடு போவது? "மந்திரத்துக்கு ஒரு வெல வையும், காந்திமதி. என்ன வெலைன்னாலும் குடுக்கேன்," என்று முந்திக்கொண்டு சொன்னேன். வல்லிநாயகம் உட்கார்ந்தான்.

காந்திமதி ஒரு வாரம் யோசித்து, மந்திரத்துக்கு விலை வயது என்றான். சின்ன மந்திரத்துக்கு ஒரு வயது கூடும், பெரிய மந்திரத்துக்கு ஐந்து. என் மந்திரவாதிக்கு இருபத்தைந்து வயது. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. முதுகு கூனிவிட்டதாகவும், கை நடுங்குவதாகவும் நோட்டில் எழுதிக்கொண்டான். இனிமேல் சைலம் அடங்குவான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. எங்கள் கிழவரைப் பார்த்ததும் ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்து நின்றார். கோட்டைக் காவல்காரன் ஈட்டியைத் தாழ்த்தி, பெரியவர் வெயிலில் நிற்கலாமா என்று நிழலுக்குக் கூட்டிப்போனான். காட்டில் வழிமறித்த கொள்ளைக்காரன் என் காலில் விழுந்து திருநீறு பூசிவிடச் சொன்னான். மந்திரமே போடாமல் எல்லாம் நடந்தது.

"கொள்ளக்காரனே கால்ல விழுதாம்லா. பொறவு எனக்கு என்ன சோலி?" என்றான் வல்லிநாயகம்.

காந்திமதி தலையைச் சொறிந்தான். "நான் என்னவே செய்ய? எழுவத்தெட்டு வயசு மனுசனப் பாத்து 'ஏலே'ன்னு கூப்பிட என் வாயில வரமாட்டேங்கு."

கணக்கு வாத்தியார் செய்த தப்பு அதுதான். வயது கூடுவதை நஷ்டப் பக்கத்தில் வைத்துவிட்டான். எங்கள் ஊர்ப்பக்கம் நரைத்த தலைக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்கும் என்பதை மறந்துவிட்டான். என் கிழவரை ஒரு மூலிகை அருவியில் குளிக்க வைத்துத் திரும்பவும் இருபத்தைந்து வயதாக்கினார்கள்.

அடுத்த விலையை ஆதம் சொன்னான். மந்திரம் போட்டால் விரதம். வேஷத்துக்கு இல்லை, எனக்கே. அன்றைக்கு ஆட்டம் முடிகிறவரை நான் எதுவும் தின்னக் கூடாது. இதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே கலக்கமாக இருந்தது, ஏனென்றால் மங்களேஸ்வரி அத்தை கை உளுந்தவடை அப்படி. ஆனால் ஆதமுக்கு ரமலான் நோன்புதான் தெரியும். சைவ வீட்டு விரதம் தெரியாது. சஷ்டிக்கும் கார்த்திகைக்கும் பண்பொழி முருகன் மலைக்கு நடக்கிற வீடு அது. பிள்ளை விரதம் என்று கேள்விப்பட்டதும் அத்தைக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"விரதத்துக்குச் சோறுதான ஆவாது. பலகாரம் ஆவும்லா. வெறும் வயித்தோட இருந்தா பித்தம் தலைக்கேறிரும்," என்று ரவா கேசரி கிளறி, மேலே நெய் ஊற்றி, ஏத்தம்பழமும் பசும்பாலும் எனக்குத் தனித்தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்களுக்கு வழக்கம்போல வடை இரண்டு. நான் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே எதிரிகளைப் பல்லியாக்கினேன். வல்லிநாயகம் தன் வடையையும் என் தட்டையும் மாறிமாறிப் பார்த்தான். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அவனும் மந்திரவாதியாகியிருப்பான்.

அன்றைக்குத்தான் சுந்தரி வாயைத் திறந்தாள். அதுவரை இந்த வழக்கில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தவள்.

"இவுககிட்ட வயச எடுத்துப் பாத்தாச்சு, சோத்த எடுத்துப் பாத்தாச்சு. ரெண்டும் இவுகளுக்கு வலிக்கல. நான் ஒண்ணு சொல்லுதேன். எங்க எக்ஸ்சேஞ்சுல வெளியூருக்குப் பேசுத டிரங்க் கால் மூணு நிமிஷம். முதல் ரெண்டரை நிமிஷம் 'அங்கன மழ உண்டா, மாடு ஈனிட்டா'ன்னு பேசுவாக. நேரம் முடியப் போவுதுன்னு நான் குறுக்க வந்து சொன்ன ஒடனே அவுக குரலே மாறிப்போவும். அந்தக் கடைசிப் பத்து செகண்டுலதான் 'ஒடம்பப் பாத்துக்கோ'ம்பாக. இந்த வெளாட்டுல நம்ம கையில என்ன இருக்கு? வாளா இருக்கு, வில்லா இருக்கு? பேச்சுதான இருக்கு. மந்திரம் போட்டா மூணு நிமிஷம் இவுக வாய மூடட்டும்."

காந்திமதி நோட்டைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒரு கணக்கு வாத்தியாருக்கு விடை கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் வந்தது. சின்ன மந்திரத்துக்கு மூன்று நிமிஷம், நடுத்தரத்துக்கு ஆறு, பெரிய மந்திரத்துக்குப் பன்னிரண்டு. அதுவரை மந்திரம் நிற்கும். நடுவில் நான் ஒரு வார்த்தை பேசினாலும் மந்திரம் கலைந்துவிடும். நேரம் பார்ப்பது சுந்தரியின் கைக்கடிகாரம். மூன்றை இரண்டாக்கக் கூடாதா என்று நான் பேரம் பேசினேன். விலை சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்தே தெரிந்தது.

முதல் மூன்று நிமிஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஒரு ராட்சசனைத் தரையோடு ஒட்டவைத்துவிட்டு வாயை மூடினேன். முதலில் கையால் சாடை காட்டிப் பார்த்தேன். வல்லிநாயகம் புகார் செய்தான். கை, கண், தலை எதனாலும் சாடை காட்டக் கூடாது என்று அம்பயர் விதி போட்டான். சரி என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வல்லிநாயகம் வாளை உருவினான். எப்படி உருவினான், எந்தப் பக்கம் காலை வைத்தான், வெயில் அதில் எப்படி விழுந்தது என்று இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் சொன்னான். அந்த வாளுக்கு அவன் ஒரு பெயரே வைத்திருக்கிறான் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். செவலை. மாட்டு ஆஸ்பத்திரிக்காரன் வேறு என்ன பெயர் வைப்பான்? செவலையைச் சுழற்றி அவன் ராட்சசன் காலை வெட்டியபோது நான் கைதட்ட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதமாக ஒரு நல்ல ஆட்டக்காரனை நான் பேசிப் பேசியே மூடி வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆட்டம் களை கட்டியது. மந்திரம் போடுவதற்கு முன்னால் நான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசிப்பது எனக்குப் புதிது. வாயை மூடியிருந்த நேரத்தில் இன்னும் பல விஷயம் காதில் விழுந்தது. ஆதம் அடுத்தவனுக்கு ஆபத்து என்றால் மட்டும் பொய் சொல்லுவான். சுந்தரி எல்லோரையும்விட நன்றாகக் கேலி பேசுவாள், ஆனால் மெதுவாக. நான் பேசிக்கொண்டிருந்தால் அது கேட்காது.

இப்படிப் பதினோராவது மாதம் வந்தது. ஆனி முடிந்து, சாரல் தென்காசி வரை அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. நான் ஆறு நிமிஷ மந்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து ஆதம் காந்திமதியிடம் சாவகாசமாகக் கேட்டான்.

"பொண்ணு பாக்க வாறவுகளுக்குத் தட்டுல வைக்க மங்குஸ்தான் எவ்வளவு அனுப்பட்டும்? அம்பாசமுத்திரத்துல இருந்து எத்தன பேரு வாராக?"

"எட்டுப் பேரு இருக்கும். வாற புதன் இல்ல, அடுத்த புதன். பையன் பேங்குல இருக்கான்," என்றான் காந்திமதி.

எனக்கு நெஞ்சில் யாரோ உலக்கையைப் போட்டதுபோல் இருந்தது. வாயைத் திறக்க முடியாது. திறந்தால் மந்திரம் கலையும். அதுகூடப் பெரிதில்லை, திறந்தால் என்ன சொல்லுவேன்? சுந்தரியைப் பார்த்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு நிமிஷம் முடிந்ததும் "ஆயிட்டு, பேசலாம்," என்றாள். நான் குற்றாலத்தில் இந்த வருஷம் தண்ணீர் வரத்து எப்படி என்று பேசினேன். இருபது நிமிஷம் பேசினேன்.

அந்த வாரம் முழுக்க அவளிடம் தனியாக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று துடித்தேன். கடையில் டெலிபோன் இருந்தது. ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டர்தானே பேச வேண்டும்? திங்கட்கிழமை எடுத்தேன். வேறு யாரோ ஒரு அம்மாள் குரல், வைத்துவிட்டேன். மத்தியானம் எடுத்தேன். "நம்பர்?" சுந்தரிதான். வாயில் வந்த ஒரு நம்பரைச் சொன்னேன். அது ஒரு அரிசி மில்.

"யாரு?" என்றார் மில்காரர்.

"மில் ஓடுதா?" என்றேன்.

"ஓடுது."

"சரி," என்று வைத்துவிட்டேன். அந்த வாரத்தில் மட்டும் நாலு தரம் மில் ஓடுவதை விசாரித்தேன். நாலாவது தரம் மில்காரர், என் அப்பா வயது இருக்கும், நெல் இருந்தால் கொண்டு வா, இல்லையென்றால் போய் உன் வேலையைப் பார் என்று புத்தி சொன்னார். மூவாயிரம் பேர் கூடுகிற இடத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவன், காதோடு ஒட்டிய ரிசீவரில் ஒருத்தியிடம் பேசத் தெரியாமல் அரிசி மில்லைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. புதனுக்கு மூன்று நாள் பாக்கி. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், ஆட்டத்தைக் குற்றாலத்தில் ஆதம் கடைக்குப் பின்னால் பழம் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வைத்துக்கொள்ளலாம் என்று காந்திமதி சொல்லி அனுப்பினான். எதற்காக வெள்ளையடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது யாரிடமும் பேசவில்லை. கண்டக்டர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

மலையில் நல்ல மழை. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியதால் குளிக்க விடவில்லை. கிட்டங்கிக்குள் பலாப்பழ வாசனை ஆளைத் தூக்கியது. சாக்கை விரித்து உட்கார்ந்தோம். சுந்தரி காலை டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். ஆதம் உரித்து வைத்த ரம்புட்டானைக்கூட எடுக்கவில்லை.

கதையில் நாங்கள் முடிவுக்கு வந்திருந்தோம். அரக்கன் செத்துவிட்டான். கடைசி வெட்டு செவலையால். மணியை வல்லிநாயகம் முதுகில் கட்டிக்கொண்டான். பின்னால் அரக்கனின் படை துரத்துகிறது. எதிரே அடி தெரியாத பள்ளம். அக்கரை போய்விட்டால் ஜெயித்தோம். பதினோரு மாதக் கதை முடிந்தது.

"சாரல எடுத்துப் பாலம் கட்டுதேன்," என்றேன். "பெரிய மந்திரம்."

"பன்னிரண்டு நிமிஷம்," என்றான் காந்திமதி. டப்பாவைக் குலுக்கினான். நான் எடுத்த சீட்டு பதினெட்டு. "பாலம் நிக்குது."

நான் பாலத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு வாயை மூடினேன். வல்லிநாயகம் மணியோடு பாலத்தில் ஏறினான். ஆதம் ஏறினான். சுந்தரி ஏறினாள். பாலம் வழுக்குகிறது, மெதுவாகத்தான் போக முடியும் என்றான் அம்பயர். ஏழு நிமிஷம் ஆயிற்று. அப்போது சுந்தரி, "நான் நடுவுல நின்னுட்டேன்," என்றாள்.

"ஏட்டி, எதுக்கு நிக்க? நட," என்றான் காந்திமதி.

"மந்திரவாதிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அவன் பேசக் கூடாதுல்லா. கரைக்குப் போய்க் கேளு."

"கரைக்குப் போய்க் கேட்டா இவுக அரை மணி நேரம் பேசுவாக. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தா அதுல பதிலு இருக்காது. வெல இல்லாத பேச்சுல்லா அது. இப்பம் ஒரு வார்த்த சொன்னாலும் அதுக்கு வெல உண்டு. அந்த மாதிரி ஒரு வார்த்ததான் எனக்கு வேணும்."

அவள் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழம அம்பாசமுத்திரத்துக்காரக வாராக. நான் அவுக முன்னால காப்பித் தட்டோட போய் நிக்கணுமா, வேண்டாமா? இவுக சொல்லட்டும்."

ஆதம் கையில் பாதி உரித்த பழத்தோடு அப்படியே இருந்தான். "ஏலே சைலம், என் முதுகுல மணி இருக்கு, யோசிச்சுக்கோ," என்றான் வல்லிநாயகம்.

தலையை ஆட்டினாலும் பாலம் போய்விடும். பேசினாலும் போய்விடும். பாலத்தில் நிற்பவர்கள் என்னை நம்பி ஏறியவர்கள்; பதினோரு மாதம் ஞாயிறு தவறாமல் வந்து வளர்த்த ஆட்கள். இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்தால் மணியும் மிஞ்சும், வாள்வீரனும் மிஞ்சுவான். சுந்தரி கேட்டது மட்டும் மிஞ்சாது. நான் காந்திமதியைப் பார்த்தேன். என் சிநேகிதன், அவளுக்கு அண்ணன். அம்பயர் யாருக்கும் சாடை காட்டக் கூடாது என்பதால் அவன் நோட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"வேண்டாம்," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

காந்திமதி நோட்டில் பாலத்தை அடித்தான். பிறகு, "பாலம் ஒடைஞ்சிட்டு," என்றான். குரல் வழக்கமான அம்பயர் குரல் இல்லை. டப்பாவை நீட்டினான். வல்லிநாயகத்துக்கு இரண்டு. ஆதமுக்கு நாலு. சுந்தரிக்கு ஒன்று. ஒருத்தரும் தப்பவில்லை.

"எல்லாரும் பள்ளத்துல விழுதிய. மணி பாறையில பட்டுப் பட்டு அடிச்சுக்கிட்டே கீழ போவுது. ஊரெல்லாம் கேக்குது," என்றான் காந்திமதி.

சுந்தரி சிரித்தாள். பள்ளத்தில் விழுந்து செத்தவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வர, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சந்தோஷம் தாங்க முடியவில்லை.

"செவலையும் போச்சா?" என்றான் வல்லிநாயகம். "ஏலே, உன் கல்யாணத்துக்கு நான் சாவணுமால?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். காளையைத் தள்ளுகிற கை. நான் பலாப்பழக் குவியல்மேல் போய் விழுந்தேன்.

ஆதமுக்கு அவன் கவலை. "அப்பம் புதன்கிழம மங்குஸ்தான் அனுப்பணுமா, வேண்டாமா?"

காந்திமதி நோட்டை மூடினான். இப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "அனுப்பு. ஆளுகதான் மாறுது. அம்பாசமுத்திரத்துக்கு நான் தகவல் சொல்லிக்கிடுதேன். ஏலே சைலம், ஒங்க அப்பா அம்மாவ வரச் சொல்லு."

நான் பலாப்பழங்களுக்கு நடுவிலிருந்து எழுந்தேன். பதினோரு மாதமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது என்று மூச்சை இழுத்தேன்.

சுந்தரி கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"பாலந்தான் போயிட்டே தாயி," என்று எனக்காக வல்லிநாயகம் வாதாடினான்.

"கால் நடுவுல கட்டாயிட்டுன்னா டிரங்க் கால் இல்லன்னு ஆயிருமா? எடுத்த நேரம் எடுத்ததுதான்."

எல்லோரும் அம்பயரைப் பார்த்தார்கள். காந்திமதி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அவ சொல்லுததுதான் ரூல்," என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டு அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தேன். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுந்தரி தட்டிலிருந்து ஒரு ரம்புட்டானை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அந்த இரண்டு நிமிஷம் எப்போது முடிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.